கைபேசி கோபுரத்தின் அலை அளவை அளந்து ஊரறியச் சொல்லக் கோரும் மனு

அனுப்புநர்:
தொடக்கப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

பொருள்: பள்ளிக்கு எதிரே உள்ள கைபேசி கோபுரம், பின்னால் வயல் வழியே போகும் உயரழுத்த மின்கம்பி ஆகியவற்றின் மின்காந்தப் புலத்தை அளந்து அறிவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கு எதிரே கோபுரம் வந்ததிலிருந்து ஊரில் இரண்டு பேச்சு. "பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும், பிடுங்கி எறியுங்கள்" என்று ஒரு பக்கம். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று மறுபக்கம். கோபுரம் அமைத்த நிறுவனமும் இந்த இரண்டாவது பதிலைத்தான் சொன்னது. இதுவரை யாரும் ஒரு கருவியை வைத்து அளந்து பார்க்கவில்லை. சில பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றப் பார்க்கிறார்கள்.

கோபுரத்தை அகற்றச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, வெளியூரில் இருந்த பிள்ளைகளிடம் "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்லக்கூட சிக்னல் இல்லாமல் தவித்த ஊர் இது. அப்புறம், காதோடு ஒட்டிவைக்கும் கைபேசிதான் பொதுவாகக் கோபுரத்தைவிட அதிக அலையை உடலுக்குத் தருகிறது. சிக்னல் குறைந்தால் அது இன்னும் பலமாக அலையை விடும். எனவே கோபுரம் இருக்கட்டும். அதன் அளவு எங்களுக்குத் தெரிய வேண்டும்.

கைபேசி அலை எக்ஸ்ரே போன்றதல்ல. உடலின் மரபுப் பொருளான டிஎன்ஏ இழையை நேராக அறுக்க அதற்கு ஆற்றல் போதாது. அது திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்கும். அந்தச் சூட்டை ரத்த ஓட்டம் கொண்டுபோய்விடும். ரத்தக் குழாயே இல்லாத கண்ணின் லென்ஸ் போன்ற இடத்தில்தான் சூடு தங்கும். உலக அளவில் வகுத்த வரம்பு இந்தச் சூட்டைக் கணக்கில் கொண்டது. அதிலும் பத்தில் ஒரு பங்கையே 2012 செப்டம்பரில் இந்தியா கோபுரங்களுக்கு வரம்பாக்கியது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். சூடே ஏறாத சிறிய அளவு ஆண்டுக்கணக்கில் பட்டால் உடலின் செல்லுக்கு என்ன ஆகும் என்பதில்தான் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இந்த அலைகளை 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றில் சேர்த்தது. அப்படிச் சேர்த்ததே நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் கேள்வி கேட்பவரை விரட்டுவதற்கும் இடமில்லை.

மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் புலம் வேறு வகை. அது திசுவைச் சூடாக்குவதில்லை. உடலுக்குள் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டும், மிகப் பலமானால் நரம்பையும் தசையையும் கிளறும். வீட்டில் சராசரியாக 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் காந்தப்புலம் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. காரணம் அதுதான் என்று நிலைநாட்டப்படவில்லை. எங்கள் பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் இந்தக் கம்பிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். வரப்போரக் கம்பி வேலியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. அந்த வேலிக்கு உடனே எர்த் போட்டுத் தர வேண்டும்.

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கள அலுவலர்களை வரவழைத்து, பள்ளி நடக்கும் நேரத்தில் அளக்கச் செய்யுங்கள். கோபுரத்தின் அடியில் மட்டும் அளந்தால் போதாது. ஆன்டெனாவின் முக்கிய வீச்சு சற்றுத் தள்ளித்தான் விழும் என்பதால், மாடி வகுப்பறையிலும் அளக்க வேண்டும். மின்கம்பியின் காந்தப்புலம் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. சுமை கூடும் நேரத்தில் மின்வாரியம் அதை அளக்கட்டும். கிடைத்த எண்ணையும் வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் தமிழில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டி, அடுத்த கிராம சபையில் ஒரு மருத்துவரைக் கொண்டு விளக்க வேண்டும். வரம்பைத் தாண்டியிருந்தால் அன்றே குறைக்க உத்தரவிட வேண்டும்.

அளக்க வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், பெற்றோரும் ஆசிரியர்களும் கூடவே நின்று பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)