நிறுத்தின ஜீப் ஏன் ஓடுது?

மக்கா,

ரெண்டு மாசமா பதில் போடல, திட்டிக்கோ. வீட்ல எல்லாரும் சுகம். நம்ம பய மட்டிப்பழத்துக்கு இன்னும் பொண்ணு அமையல. இந்தத் தடவை பழி செவ்வாய் மேல.

டிரோன் காமிராவால ஜீப்பைத் தொடர்ந்து வரைபடத்துல காட்டுற உன் புரோகிராமோட லாக் (பதிவு) பாத்தேன். படத்துல வண்டியை அடையாளம் காண இன்னும் பெரிய AI மாடல் வேணும்னு ஏன்டே துடிக்க? இருக்கிற மாடலே ஜீப்பை ஒழுங்காத்தான் பிடிக்குது, அது படத்துல போடுற பெட்டி அசையாம ஜீப் மேலயே நிக்குது. கோளாறு அதுக்கப்புறம். நிறுத்தி வச்ச ஜீப்பைப் பாத்தபடி டிரோன் அந்தரத்துல நின்னு திரும்பும்போது, வரைபடத்துல ஜீப் 7 மீட்டர் ஓடுதுல்லா? இடம் திரும்பினா ஒரு பக்கம், வலம் திரும்பினா மறுபக்கம். அப்படிப் பக்கம் மாறினா நேரத் தாமதம். மாறாம ஒரே பக்கம் விலகினாத்தான் காமிரா மாட்டின கோணத்தையோ காம்பஸையோ சந்தேகப்படணும்.

படம் எடுத்து 200 மில்லிசெகண்ட் கழிச்சுத்தான் மாடலோட விடை வருது. செகண்டுக்கு 30 டிகிரி திரும்புற டிரோன் அதுக்குள்ள 6 டிகிரி போயிரும். நீ பழைய படத்துக்குப் புதுக் கோணத்தைக் கொடுக்க. 70 மீட்டர் தள்ளி அது 7 மீட்டர். டிரோனோட கடைசி ரெண்டு செகண்ட் கோணத்தையும் இடத்தையும் நேரத்தோட பஃபர்ல (தற்காலிக நினைவகத்துல) வை. ஷட்டர் திறந்த நேரத்துக்கு ரெண்டு பக்கத்து மதிப்பையும் வச்சுக் கணிச்சு எடு. அதுக்கு முன்னால டிரோனைப் பறக்க வைக்கிற ஃப்ளைட் கன்ட்ரோலர் கடிகாரமும் மாடல் ஓடுற கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒத்துப்போகணும், கேட்டியா.

அடுத்தது தரை. உன் புரோகிராம் ஊரே கால்பந்து மைதானம்னு நினைக்குது. குலசேகரம் பக்கம் ரோடு ஏறி இறங்கும்லா! காமிரா 30 டிகிரி கீழே பாக்கும்போது தரை 10 மீட்டர் உயர்ந்தா, பிழை 17 மீட்டர். தரையோட உயரத் தரவைச் சேர். 2000-ல விண்வெளி ஓடம் எடுத்தது இலவசமாக் கிடைக்கும். அதுல மரத்தலையும் கலந்திருக்கும், ரப்பர் தோட்டத்துல தரையைக் கூட்டிக் காட்டும். முடிஞ்ச மட்டும் காமிராவைச் செங்குத்தாப் பாக்கப் பழக்கு.

ஜனவரியில நல்லா ஓடிச்சுன்னு குதிச்சியே, அப்போ ரப்பர் இலை உதிர்ந்து கிடந்தது. இப்போ இலை தழைச்சாச்சு, ஜீப் நிழல்ல மறைஞ்சா, அது அடுத்து எங்க இருக்கும்னு கணிக்கிற கால்மன் ஃபில்டர் பழைய வேகத்துல நேராத் தள்ளும், வளைவுல வண்டியைக் குளத்துக்குள்ள விடும். 2 மீ/செ² அளவுக்கு வேகம் மாறினாலே 3 செகண்ட்ல 9 மீட்டர் பிசகும். தேடுற வட்டத்தை அதுக்கேத்தபடி விரி.

விளையாட்டில்லாம ஒண்ணு சொல்லுகேன். வட்டம் விரிய விரிய எவனோ ஒருத்தனோட வெள்ளை ஜீப்பும் உள்ள வந்திரும். நிறமும் நீளமும் பொருந்தலேன்னா தொடரவே கூடாது, டிரோன் நின்ன இடத்துல நிக்கட்டும். டிரோனை உன் கண்ணுக்கு எட்டுற தூரத்துலயே வை.

கடிகாரத்தைச் சரி பண்ணிட்டு, நிறுத்தின ஜீப்போட லாக்கை மட்டும் முதல்ல அனுப்பு. ஓடுற ஜீப்பை அப்புறம் பாப்போம்.

உன்,
ஒத்தமுறுக்கு