விமானி வேலைக்கான வயது வரம்பு குறித்து ஒரு திறந்த மடல்

இந்திய விமான நிறுவனங்களில் விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ள பெருமக்களுக்கு,

வணக்கம்.

எனக்கு வயது 43. 110 கே.வி. துணைமின் நிலையம் ஒன்றில் 16 ஆண்டுகள் ஷிப்ட் பொறியாளராக இருந்துவிட்டு, 39ஆம் வயதில் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். எங்கள் சேமிப்பும், மனைவியின் நகைகளும், ஊரில் இருந்த ஒரு மனையும் அதற்குப் போயின. 200 மணி நேரம் பறந்து, தேர்வுகளில் தேறி, வணிக விமானி உரிமம் பெற்றேன். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் கையில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் பயிற்சித் துணை விமானி வேலைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க முயன்றபோது, பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் நான் பிறந்த ஆண்டே இல்லை. உரிம எண்ணை யாரும் கேட்பதற்கு முன்பே என் விண்ணப்பம் முடிந்துபோனது.

அந்த வயது வரம்பு அரசு விதித்ததன்று. வணிக விமானி உரிமத்துக்கு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. வகுத்த விதியில் குறைந்தபட்ச வயது 18 என்று இருக்கிறதே தவிர, இத்தனை வயதுக்கு மேல் உரிமம் பெறக்கூடாது என்று எங்கும் இல்லை. பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம். அந்த எல்லையும் முன்பு 60ஆக இருந்ததுதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006இல் அதை 65ஆக உயர்த்தியது. அப்போதுகூட, ஒருவர் 60ஐத் தாண்டியவர் என்றால் அருகில் அமர்பவர் அதற்குக் குறைந்த வயதினராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2014இல் அதையும் நீக்கினார்கள். அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தவரை வயதைக் காட்டி வேலையில் ஒதுக்குவதை 1967ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. நம் நாட்டில் தனியார் நிறுவனங்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லாததால்தான் உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன்.

நடுவயதில் வருபவர் எதைக் கொண்டுவருகிறார் என்பதை நீங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பதே என் வருத்தம். துணைமின் நிலையத்தில் லைன் கிளியர் (எல்.சி.), அதாவது மின்சாரத்தை நிறுத்தி லைனில் வேலை செய்ய அனுமதி, கேட்டுப் போன் வந்தால், ஃபீடர் எனப்படும் அந்த மின்வழியின் பெயரையும், நேரத்தையும், கேட்பவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, எதிர்முனையில் ‘சரி’ என்ற சொல் வந்த பிறகே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறப்போம். லைனைப் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் சுவிட்சின் மூன்று கத்திகளும் விலகி நிற்பதை வெளியே யார்டுக்குப் போய் டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்த பிறகே, லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் சுவிட்சைப் போடுவோம். பயிற்சியின் முதல் வாரத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் ஓடுதள எண்ணையும் உயரத்தையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கற்றுத் தந்தபோது, எனக்கு அது பழகிய வேலையாகவே இருந்தது.

ஒரு மழை இரவில், உடனே லைனை சார்ஜ் செய்ய, அதாவது மீண்டும் மின்சாரம் கொடுக்கச் சொல்லி மேலதிகாரி ஒருவர் போனில் அவசரப்படுத்தினார். கொடுத்த இரண்டு எல்.சி.யில் ஒன்று இன்னும் திரும்பவில்லை என்று சொல்லி மறுத்தேன். கடைசி ஆள் கம்பத்திலிருந்து இறங்கிவிட்டார் என்ற தகவல் வர மேலும் 20 நிமிடம் ஆனது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்களே, அங்கே எதிர் விமானம் இன்னும் ஓடுதளத்திலேயே நிற்கிறதோ என்ற ஐயத்தை விமானப் பொறியாளர் எழுப்பத்தான் செய்தார். மூத்த கேப்டன் அதை உதறித் தள்ளியதும் மீண்டும் கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை. மூத்தவரிடம் ‘இல்லை, பொறுங்கள்’ என்று சொல்லும் பழக்கத்தை இன்று ஒவ்வொரு விமானிக்கும் வகுப்பு எடுத்துப் புகட்டுகிறீர்கள். அதை வேலையிலேயே கற்று வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள்.

என் பக்கத்துக் குறையையும் மறைக்க விரும்பவில்லை. இருபது வயது மாணவர்கள் இரண்டு நாளில் மனப்பாடம் செய்த சரிபார்ப்புப் பட்டியலுக்கு எனக்கு ஒரு வாரம் ஆனது. செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் பக்கக் காற்றில் தரையிறங்கும்போது, சக்கரம் தரையைத் தொடும் கணத்தில் பெடலை மிதிக்க என் கால் பல நாள் தாமதித்தது. தேவைக்கு மேல் பதினொரு மணி நேரம் பணம் கட்டிப் பறந்து அதைத் திருத்திக்கொண்டேன். இந்தத் தாமதம் உங்களுக்குக் கவலையளித்தால், அதை அளக்க உங்களிடம் சிமுலேட்டர் இருக்கிறது.

செலவிட்டுப் பயிற்சி தரும் ஆள் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதும் நியாயமே. எனக்கு இன்னும் 22 ஆண்டுகள் இருக்கின்றன. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் வளைகுடா நிறுவனங்களுக்குத் தாவப்போவதில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கின்றன. அவற்றை ஓட்ட ஆள் தேடும் காலத்தில், உரிமம் பெற்றவர்கள் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியை) ஆண்டுதோறும் கைக்காசைப் போட்டுப் புதுப்பித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கிறோம்.

ஆகவே, அடுத்த அறிவிப்பிலாவது வயது வரம்பு என்ற வரியை எடுத்துவிடுங்கள். இளைஞர்களுக்கு வைக்கும் அதே எழுத்துத் தேர்வையும், அதே சிமுலேட்டர் சோதனையையும், அதே மதிப்பெண்ணையும் எங்களுக்கும் வையுங்கள். ஒரு மதிப்பெண்கூடச் சலுகை வேண்டாம். தேறாவிட்டால், எதில் தேறவில்லை என்பதை எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வணிக விமானி உரிமம் பெற்ற ஒரு முன்னாள் மின் பொறியாளர்