ஃப்ரிட்ஜில் ஒட்டிய அட்டவணை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், சென்னையிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். லண்டனுக்கு 8,200 கி.மீ., 9 மணி நேரம். தூரம் ஏறக்குறைய சரிதான். அந்த 9 மணி நேரத்தால் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்த மகள் திரும்பிப் போன அன்று விமானம் விடிகாலை ஐந்தரைக்கு. உங்கள் அட்டவணையை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்த என் மனைவி, மதியம் இரண்டரைக்கெல்லாம் போனைக் கையில் எடுத்தவள்தான், கீழே வைக்கவேயில்லை. மூன்று, மூன்றரை, நான்கு. "ரிங்கே போகலையே" என்று அழாத குறை. ஐந்தேகாலுக்குத்தான் "இறங்கிட்டேம்மா, இங்க மணி பதினொன்னே முக்கால்" என்று மகள் பேசினாள். உடனே பக்கத்து வீட்டம்மா, அப்போ ஆறு மணி நேரம்தானே ஆச்சு என்றார்! குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைத்தது தனிக் கதை.

8,200 கி.மீ.யை விமான வேகமான மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்தால் ஒன்பது வரும், சரி. ஆனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிற ஜெட் ஸ்ட்ரீம் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு, அதை எதிர்த்துக்கொண்டு போக வேண்டும். வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். விமானம் நேர்கோட்டிலும் போவதில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகமும் குறைவு, அதனால் இரண்டு பக்கமுமே ஒன்பதைத் தாண்டும். அதோடு காற்றும் சேர்வதால்தான் போக 11 மணி நேரம், வர பத்து, பத்தரை. காசிமேட்டில் போட் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இது தெரியும். 2016இல் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகத் திருப்பியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது, ஆனால் பின்காற்று கிடைத்ததால் நேரம் குறைந்தது. வகுத்தல் கணக்கில் இது வருமா?

அப்புறம், எங்களுக்கு மீனம்பாக்கமே ஒரு பயணம். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து ஒரே ரயிலில் விமான நிலையம் போய்விடலாம், உண்மை. ஆனால் மூன்று மணி நேரம் முன்னால் வந்து நில் என்கிற ஐந்தரை மணி விமானத்துக்கு நள்ளிரவு ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும், அப்போது மெட்ரோ ஏது? கால் டாக்சிதான், அவர் கேட்டதுதான் காசு.

வீட்டு வாசல் கணக்கையெல்லாம் நீங்கள் போட வேண்டாம். போக எவ்வளவு, வர எவ்வளவு என்று இரண்டு கட்டமாகவும், இறங்கும்போது நம்மூரில் மணி என்ன என்பதையும் சேர்த்துத் திருத்திப் போடுங்கள். சம்பந்தியம்மா அடுத்த மாதம் லண்டன் கிளம்புகிறார், பழைய தாள் இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை