மீன் பை

அபர்தீன், ஸ்காட்லாந்து,
நவம்பர் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி மகளை உட்காரவைத்து நீ சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. "இருக்கியா இல்லையா" என்ற முதல் வரியிலேயே உன் குரல் கேட்டது. போனில் எப்போதும் அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிடுகிறேன், தப்புதான், திட்டு.

இங்கே மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கோத்தகிரிக் குளிர் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தால் அடங்கும், இது கடல்காற்றோடு வந்து எலும்பில் குடியேறுகிற குளிர். உன் மருமகளுக்கு ராத்திரி டூட்டி. எனக்கு வேலையில் கொஞ்ச நாள் லீவு, அதனால் பிள்ளைகளும் சமையலும் என் பொறுப்பு.

நேற்று மீன் பை செய்தோம். மீன் வாங்கப் போகிற பை என்று நினைத்துவிடாதே, இது ஒரு பலகாரம். சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி, குப்பைத்தொட்டி மூடவில்லை என்று எனக்குச் சீட்டு எழுதி ஒட்டினாரே, அவரேதான். பீட்டர்ஹெட் துறைமுகத்தில் மீன் வெட்டுகிற கூடத்தில் வேலை பார்த்தவராம். ஹேடக், புகைபோட்ட ஹேடக், சால்மன் மூன்றும் கலந்து ஓரமும் வாலுமாகப் பாக்கெட்டில் விற்கிறார்கள். மூன்று வகையும் ஒன்றாகக் கிடைக்கிறதே என்றுதான் அதை வாங்குகிறேன்.

இப்போது மனதைத் திடப்படுத்திக்கொள். மீனை அரை லிட்டர் பாலில் வேகவைக்க வேண்டும்! மீனோடு தயிர் சேர்ந்தாலே தோலில் வெள்ளை விழும் என்று தட்டைப் பிடுங்குவாயே. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெண்ணெய் இரண்டு ஸ்பூன், மைதா மூன்று ஸ்பூன் வறுத்து, அந்தப் பாலையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டிதட்டாமல் கிண்டினாள் பெரியவள், மணிக்கட்டு அப்படியே உன்னுடையது. புகைபோட்ட மீனிலேயே உப்பு இருப்பதால் தனியாகப் போடவில்லை. பாட்டி கணக்கில் ஒரு கிண்ணம் க்ரீம் உண்டு, அதை விட்டுவிட்டுப் பட்டாணியும் கேரட்டும் சேர்த்தேன், மேலே பரப்புகிற உருளைக்கிழங்கிலும் மூன்றில் ஒரு பங்கு காலிஃப்ளவர் மசித்துவிட்டேன், பிள்ளைகள் கண்டுபிடிக்கவே இல்லை. சின்னவனுக்கு முள் தேடுகிற வேலை. மீனை விரலால் அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டும், ஒரு முள்ளுக்கு ஒரு திராட்சை கூலி. நான்கு முள்தான் கிடைத்தது, ஐந்து என்று சாதித்தான்.

கடைசியில் கிழங்கின் மேல் முள்கரண்டியால் கோடு இழுக்க வேண்டும், மேடு மட்டும் முறுகிச் சிவக்கும். அவன் கோணல்மாணலாக, நடுவில் ஒரு வழி விட்டு இழுத்திருந்தான். கார்ப்போகத்துக்கு அப்பா பார் பிடித்துவைத்த கீழ்த்தோட்டம் மாதிரியே இருந்தது அம்மா. "இது தாத்தா காடுடா" என்றேன். "அப்போ நாம காட்டையா சாப்பிடப்போறோம்?" என்று கேட்டான். 200 டிகிரியில் அரை மணி நேரம். அதுவரை ஓவன் அடுப்பின் கண்ணாடிக் கதவு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெரியவள் மூன்று தடவை கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கீழ்த்தோட்டத்தைக் காட்டேஜ் கட்டுகிறவனுக்குக் கொடுக்கலாம் என்று தம்பி சொல்வதாக எழுதியிருக்கிறாய். அட்வான்ஸ் கைமாறிவிட்டதா? அதை மட்டும் உடனே எழுது. பட்டா அப்பா பேரில்தானே இருக்கிறது, நீயும் அக்காவும் நானும் வாரிசு, அவன் ஒருவன் பேசி முடிக்கிற காரியமில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, அவனுக்கும் கஷ்டம், புரிகிறது. அவனிடம் சண்டை போடாதே, நான் பேசுகிறேன். வாரிசுச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் உன் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்.

அக்கா நகையை மீட்கப் பொங்கலுக்குள் பணம் அனுப்புகிறேன் என்றிருந்தேன், சித்திரைக்குத் தள்ளிப்போகும், வேறொன்றுமில்லை. வட்டி மட்டும் கட்டிவைக்கச் சொல்.

அன்புடன்,
உன் பெரியவன்