பக்கத்து இருக்கையில் பேச்சுக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பேருந்திலோ ரயிலிலோ முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பதில் தப்பில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உளவியல் ஆய்வாளர்கள் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ புறநகர் ரயிலில் சில பயணிகளைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரை வாயைத் திறக்காமல் வரச் சொன்னார்கள். பேசினால் பயணம் கசக்கும் என்பதுதான் பொதுக் கணிப்பு. பேசியவர்களுக்கோ பயணம் இனித்தது. ஆனால் அந்த ரயிலில் கேட்டறிந்தது பேசப் போனவரின் மனநிலையை மட்டும்தான், மாட்டிக்கொண்டவரிடம் யாரும் கேட்கவில்லை. (காத்திருப்பு அறையில் தனியாகச் செய்த சோதனையில் அவரையும் கேட்டார்கள். அவரும் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.)

சிக்கல் பேச்சில் இல்லை, வழி அடைபடுவதில்தான். இருவர் இருக்கையில் நடைவழிப் பக்கம் இருப்பவர் நினைத்தால் எழுந்து போகலாம். சன்னலோரம் இருப்பவர் உங்கள் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். நெருங்கியவர்களுக்கான தூரம் ஏறத்தாழ 45 செ.மீ. வரை என்று மானுடவியலாளர் எட்வர்டு ஹால் 1966-இல் எழுதினார். இருவர் இருக்கையில் தோளும் தோளும் ஏற்கெனவே அதற்குள் வந்துவிடுகின்றன. அதற்கு மேல் உடம்பையும் முழுக்கத் திருப்பி உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். கழுத்தை மட்டும் திருப்புங்கள். கேட்டுவிட்டுப் பார்வையை முன்பக்கம் கொண்டுபோங்கள்.

முதல் கேள்வி உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவதாக இருக்கட்டும்: "இந்த வண்டி மேம்பாலம் வழியா போகுமா?" பதில் வரத் தாமதமானால் உடனே குரலை உயர்த்தாதீர்கள். அமைதியான இடத்தில் பேச்சு கைமாற நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும், இன்ஜின் இரைச்சலில் கேள்வி காதில் விழுந்து பதில் வர இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பிறகு அவர் கையைப் பாருங்கள். உங்களுக்குப் பதில் சொல்லும்போதும் புத்தகத்தின் நடுவே விரல் அப்படியே இருந்தால், திரும்பப் படிக்கப் போகிறார் என்று அர்த்தம். புத்தகத்தை மூடி மடியில் வைத்தால் பேசலாம். காதிலிருந்து ஒரு இயர்போனை மட்டும் கழற்றுவது அழைப்பல்ல, மரியாதை. இரண்டு முறை பேசியும் "ஆமா", "ம்" தவிர எதுவும் வரவில்லையா? நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை பேசினால் அதற்குப் பெயர் தொந்தரவு.

"நீங்க எங்க இறங்கணும்?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு, அதுவும் இருட்டிய பிறகு, அது சாதாரணக் கேள்வி இல்லை. பொய் சொல்வதா, இறங்கும் இடத்தை மாற்றுவதா என்று யோசிக்க வைக்கும். உங்கள் நிறுத்தத்தை நீங்கள் சொல்லுங்கள்: "நான் மூணாவது ஸ்டாப்புல இறங்கிடுவேன்." பேச்சு எப்போது முடியும் என்று தெரிந்துவிட்டால் பல பேருக்குத் தோள் தளரும். உளவியல் ஆய்வாளர் ஆடம் மாஸ்ட்ரோயானி குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இருவருமே விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் 2 சதவீதம் அளவுதான். எப்போது முடிக்க விருப்பம் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

தூரப் பயணம் என்றால் இறங்கும் இடம் உதவாது. ஐந்து நிமிடம் பேசியதும் நீங்களே ஒருமுறை விட்டுக்கொடுங்கள்: "சரி, நீங்க படிங்க." அவர் படிக்கத் தொடங்கினால் விட்டுவிடுங்கள். விருப்பமிருந்தால் அவரே அடுத்த கேள்வியோடு வருவார்.

இப்படிக்கு,
சன்னலோரத்தார்