முதல் தவணை நிறைவு: பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

திடல்தடப் போட்டி, செந்தமிழ் விழா, வாசிப்பு வாரம் என முதல் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. பங்கெடுத்த மாணவர்களுக்கும் பயிற்றுவித்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

அடுத்து, காய்ச்சல் பற்றி. காலை 6 மணிக்குப் பனடோல் (பாராசிட்டமோல்) குடித்துவிட்டு வரும் பிள்ளை முதல் பாடத்தில் கலகலப்பாகத்தான் இருக்கும். மருந்து 4 முதல் 6 மணி நேரமே தாங்கும். ஓய்வு நேரத்தில் உணவைத் தொடாமல் மேசையில் தலை சாய்த்துவிடும். வேலையில் திடீர் விடுப்பு எடுப்பது எளிதல்ல என்பது எங்களுக்கும் தெரியும்.

ஆனால் பினாங்கில் காய்ச்சலென்றால் டெங்கியை நினைக்காமல் இருக்க முடியாது. டெங்கியில் சூடு இறங்கும் நேரமே ஆபத்தானது. பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7ஆம் நாளுக்குள், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். ‘சூடு விட்டுவிட்டது’ என்று நான்காம் நாளே பள்ளிக்கு அனுப்பாதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், எழுப்பினாலும் தூங்கி வழிதல், காரணமில்லாத சிணுங்கல், சில்லிட்ட கைகால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். விரல்நுனியை 5 விநாடி அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். பப்பாளி இலைச் சாறு பிழிந்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

பாராசிட்டமோலை எடைக்கேற்பக் கொடுங்கள்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் 250 உள்ள புட்டியும் கடையில் அருகருகே இருக்கும். அதே கரண்டி, இருமடங்கு மருந்து! ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 37.5 டிகிரிக்கு மேல் சூடுள்ள பிள்ளையை வகுப்பில் உட்காரவைக்க மாட்டோம். அழைத்தால் எடுக்காத கைப்பேசியும், மாற்றியும் எங்களிடம் சொல்லாத எண்ணும் இனி ஏற்புடையவை அல்ல. சிகிச்சை அறையில் கட்டில் இருக்கிறது, மருத்துவர் இல்லை. இவ்வாரத்திற்குள் இரண்டு எண்களை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) இருந்தால் வருகைப் பதிவு பற்றிக் கவலை வேண்டாம். விடுபட்ட பாடத்தை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

விடியற்காலையிலேயே வாட்சாப்பில் தகவல் சொல்லிப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும் பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்