முகம் புண்ணாகும் என்று முன்பே சொல்லுங்கள்

ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் தமிழ் மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும்,

வணக்கம். பிரிஸ்பேனில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பல்லாண்டு வெயில் பட்ட தோலில் சொரசொரப்பாக எழும் ஆக்டினிக் கெரட்டோசிஸுக்கு நீங்கள் எழுதிக்கொடுக்கும் 5 சதவீத ஃபுளோரோயுராசில் களிம்பைப் பற்றியே இந்த மடல்.

மருந்தின்மீது எனக்குக் குறையில்லை. நெதர்லாந்தில் நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில் இதுவே முந்தியது. ஓராண்டு கழித்தும் சுமார் 75 சதவீதத்தினருக்குப் பலன் நீடித்தது. ஒப்பிட்டவற்றில் இன்னொரு களிம்பான இமிக்விமாடுக்கு அது 54 சதவீதம்தான்.

கொடுத்தனுப்பும் விதத்தில்தான் குறை. "காலையும் இரவும் தடவுங்கள், கொஞ்சம் சிவக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கொஞ்சமா? இரண்டாவது வாரத்தில் எங்கள் இல்லத்துப் பெரியவர் ஒருவருக்கு நெற்றி முழுவதும் புண்ணாகி, நீர் கசிந்து, பொருக்குத் தட்டியிருந்தது. காலையில் தலையணை உறையை நீரில் நனைத்துத்தான் பிரித்தெடுத்தேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு வரமாட்டேன் என்றார். பார்க்க வந்த மகள் பதறிப்போய்க் களிம்பைக் குப்பையில் போட்டுவிட்டார். கெட்டுப்போன செல்களை மருந்து அழித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

நம்மில் பலருக்கு இந்நோய் பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி. மெலனின் நிறைந்த நம் ஊர்த் தோலில் இது அரிது. அதனால் இந்தக் களிம்பு வெள்ளைத் தோலை என்ன பாடு படுத்தும் என்று பார்த்துப் பழகிய கண் நமக்கு வாய்க்கவில்லை. வாயால் சொல்வதைவிடப் படங்களைக் காட்டுங்கள்: பத்தாம் நாள் முகம், நிறுத்திய பிறகு ஆறிவரும் முகம். முகத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் தடவ வேண்டும், ஆறுவதற்கு மேலும் சில வாரங்கள் பிடிக்கும் என்று நாட்காட்டியை வைத்துப் பேசுங்கள். பேத்தியின் திருமணம் நெருங்குகிறதென்றால் சிகிச்சையைத் தள்ளிவைக்கலாமே.

எரிச்சலும் பொருக்கும் எதிர்பார்த்தவை. சீழும் காய்ச்சலும் அப்படியல்ல. வாய்ப்புண்ணும் கடும் வயிற்றுப்போக்கும் வந்தால், இம்மருந்தை உடலில் சிதைக்கும் டிபிடி என்ற நொதியின் குறைபாடாக இருக்கலாம். களிம்பை உடனே நிறுத்தி உங்களை அழைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நாய், பூனை உண்டா என்றும் கேளுங்கள். இக்களிம்பைச் சிறிதளவு நக்கினாலே நாய்க்கு வலிப்பு வந்து உயிர் போகலாம். நாய்கள் இறந்த பிறகு 2017-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கையே விடுத்தது. தனித்து வாழும் முதியவர்கள் பலருக்கு மடியில் ஏறி முகத்தை நக்கும் அந்தப் பிராணிதான் துணை. மருந்துப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் அதற்கும் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பணிபுரியும் ஒரு செவிலியர்